எறும்புகள் வீடு மாறவில்லை

மகளே,

நீயும் அம்மாவும் உன் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு பூட்டு வாங்க உன் அம்மா ஒன்பது கடை ஏறி இறங்குவாள், பத்தாவது கடையில் பூட்டை மறந்துவிட்டுப் பாத்திரம் விலை கேட்பாள். ஆகவே எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. உன் நலம் எனக்குத் தெரியும். காலையில் ஆறு தோசை தின்றாய். என் நலத்தை, இதைப் படித்து முடித்த பிறகு நீதான் தீர்மானிக்க வேண்டும். நீ வந்ததும் இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் கிளினிக்குக்குப் போய்விடுவேன். நாளைக்குத் தம்பானூரில் பெங்களூர் ரயில் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடு. போய்ச் சேர்ந்து சாவகாசமாகப் படிக்கலாம் என்று பெட்டிக்குள் வைத்துவிடாதே. அங்கே போய்ப் படித்தால் காரியம் கெட்டுவிடும்.

அப்பா கடிதம் எழுதினால் அதில் ஏதோ விளையாட்டு இருக்கும் என்றுதான் நீ பிரிப்பாய். உள்ளே பல் கிடக்கிறதா என்று உறையைக் குலுக்கிப் பார்த்தாலும் பார்ப்பாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து வயதில் கணக்கு வாத்தியாரின் குடைக்குள் அரைப்படி அவலைக் கொட்டி வைத்தவன் நான். மழையில் அவர் குடையை விரித்த அன்றைக்கே நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் என் கணக்கும் தீர்ந்தது. அதனால்தான் திருவனந்தபுரத்துக்கு வந்து பல் டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து டென்டல் மெக்கானிக் ஆனேன். "உங்களுக்கு வயசு பதினஞ்சுக்கு மேல ஏறவே மாட்டேங்குதே" என்று உன் அம்மா சொல்லாத நாளில்லை. பப்பாளிப் பழத்தைப் பிளந்து அதற்குள் பல்செட்டை வைத்து, நம் வீட்டுக்காரச் சேச்சிக்குத் தட்டில் நீட்டினேனே, நினைவிருக்கிறதா? பழம் சிரித்தது, சேச்சி அலறினாள், உனக்கு விக்கல் வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாய். பொய்ப்பல் செய்து பிழைப்பவன். சொன்ன பொய்யும் பல. இப்படி ஒரு வரி எழுதினால் நீ தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாய் என்று தெரியும். இந்தக் கடிதத்தில் அப்படி எழுதும் கடைசி வரி இதுவாக இருக்கட்டும்.

வீட்டில் இப்படியொருவன் இருந்தால் எதை நம்புவது, எதை விடுவது என்ற தொல்லை உனக்கு ஐந்தாறு வயதிலேயே வந்துவிட்டது. நீயே ஒரு சட்டம் போட்டாய். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று சந்தேகம் வந்தால், "பல்லைத் தொட்டுச் சொல்லுப்பா" என்பாய். நான் முன்பல்லின் மேல் விரலை வைத்துச் சொல்ல வேண்டும். வைத்துவிட்டால் அது சத்தியம். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்களைவிட நாம் அதில் கண்டிப்பாக இருந்தோம். நாளைக்கு லீவு இல்லை, ஊசி வலிக்கும், ஆச்சி இனி வரமாட்டாள் என்று பல்லைத் தொட்டு நான் சொன்ன எல்லாமே உண்மை. ஒரே ஒரு முறை தவிர.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். நாம் கரமனையில் அந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். பின்புறம் துவைக்கிற கல், அதற்கு அடுத்து முருங்கை, இரண்டுக்கும் நடுவே செம்மண் தரையில் உன் எறும்புகள். கட்டெறும்புமில்லை, சர்க்கரை டப்பாவுக்கு வரும் பிள்ளையார் எறும்புமில்லை. விதை சுமக்கிற எறும்பு. புல்விதையும் சிந்திய குருணையும் தூக்கிக்கொண்டு போகும். அவற்றில் சிலவற்றுக்கு உடம்பைவிடத் தலை பெரிதாக இருக்கும். அதற்கு "தலையன்" என்று பெயர் வைத்தாய். தலையன் விதையை உடைப்பான், மற்றதெல்லாம் சுமக்கும் என்று நோட்டில் எழுதினாய். மலையாளம் மீடியத்தில் படித்த பிள்ளை, அந்த நோட்டு மட்டும் தமிழில். அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ். நடுநடுவே மலையாள எழுத்து ஒன்றிரண்டு வழி தவறி வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு துலாமழையில், அதாவது ஐப்பசி மழையில், அந்தப் புற்றின் வாசல் இடிந்து போனது. மறுநாள் காலையில் எறும்புகள் ஒவ்வொன்றாக மண்ணை வாயில் கவ்விக்கொண்டு வந்து வெளியே போட்டன. பூவிதழ் மாதிரி வாசலைச் சுற்றி ஒரு வளையம் எழும்பியது. உள்ளே நனைந்துபோன விதைகளை வெயிலில் கொண்டுவந்து பரப்பின. உன் அம்மா முற்றத்தில் நெல் காயப்போடுவது போலவே இருந்தது. நீ பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் குந்தி உட்கார்ந்திருந்தாய்.

"அப்பா, இதுல மேஸ்திரி யாரு?"

"மேஸ்திரி சாயா குடிக்கப் போயிருக்கான் மக்கா. இப்ப வந்துருவான்."

நான் சொன்னதைச் சிரிப்பென்று விட்டுவிடாமல் இரண்டு வாரம் நீ மேஸ்திரியைத் தேடினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது வந்து நின்றாய்.

"மேஸ்திரி இல்லவே இல்லப்பா."

"பின்னே யாரு வேலை சொல்றது?"

"குழிதான் சொல்லுது. ஒண்ணு கொஞ்சம் தோண்டிட்டுப் போவுது. அடுத்தது வந்து பாக்குது, பாதி தோண்டின இடம் கிடக்கு, அங்கயே தோண்டுது. யாரும் யாருட்டயும் ஒண்ணும் கேக்கல."

சோப்பு நுரையோடு நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளினிக்கில் ஒரு செட் பல் வைக்க டாக்டர், நான், கம்பவுண்டர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டுதான் வேலை செய்வோம். பத்து வயதுப் பெண் வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொன்னாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கெடுத்தது.

எறும்புகளுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டாய். பல்செட்டின் ஈறுக்குச் சேர்க்கிற ரோஸ் தூளைக் கொஞ்சம் வார்னிஷில் குழைத்து, கிளினிக்கிலிருந்து பழைய பிரஷ் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கே, எப்படி வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. சில நாள் கழித்து நீ சொன்னது ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. வெளியே விதைக்குப் போகும்போது புள்ளி வைத்த எறும்பு ஒன்றுகூட மண் சுமக்க வரவில்லை. மண் சுமப்பது வேறு ஆள்கள். பின்னாளில் நீ கல்லூரியில் படித்துவிட்டு வந்து, உள்ளே இருப்பவை இளசுகள், வெளியே போகிறவை வயதானவை என்று எனக்கு விளக்கம் சொன்னாய். அன்றைக்கு அதெல்லாம் தெரியாமல், "வெளி ஜோலிக்குப் போனா உள் ஜோலிக்கு வராது போல" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாய்.

அந்த வாரத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, "உள்ள எப்படிப்பா இருக்கும்?" என்றாய்.

என் தொழிலை நீ அறிவாய். டாக்டர் ஒருவரின் வாயில் அச்செடுத்துத் தருவார். அதற்குள் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றுவேன். இறுகியதும் அச்சை உரித்தால் அந்த ஆளின் ஈறு, பள்ளம், மேடு எல்லாம் வெள்ளையாக என் கையில் இருக்கும். இருபது வருடம் இதைச் செய்தவனுக்கு எங்கே ஒரு பொந்தைப் பார்த்தாலும் கை ஊறும். இதற்குள் ஊற்றினால் எப்படி வரும் என்றுதான் தோன்றும். குழாயடி ஓட்டை, சாவித் துவாரம், உன் காதுகூட அப்படித் தோன்றியிருக்கிறது. வேறு எந்த அப்பனாவது இருந்தால் லைப்ரரியில் படம் தேடியிருப்பான், இல்லை பேசாமல் இருந்திருப்பான். நான் டாக்டரிடம் கேட்டு அரை மூட்டை பிளாஸ்டரை சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது உன் எறும்புகளின் மாளிகை முழுவதையும் வெள்ளைவெளேரென்று திண்ணமாக உன் முன் நிறுத்தி, உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அதற்குள் குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற நினைப்பு அரிசிமணி அளவுக்குக்கூட வரவில்லை. இதை நீ நம்பமாட்டாய். உன் அம்மாவும் நம்பவில்லை.

அவள் அன்று பத்து மணிக்கு ரேஷன் கடைக்குப் போனவள் வெயில் ஏறித்தான் திரும்பி வந்தாள். அதற்குள் நான் ஊற்றி, காயவிட்டு, மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். மேலே வந்த துண்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மகளே, அது எவ்வளவு அழகு என்று உன்னிடம் சொல்ல இந்தப் பதின்மூன்று வருடமும் நாக்கு துடித்தது. இட்லித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் விலக்கி அடுக்கியது போல அறைகள். நடுவே சுருண்டு இறங்கும் குழாய். ஒவ்வொரு தட்டும் தரை மட்டமாக, நான் மட்டப்பலகை வைத்துச் செய்தாலும் வராத மட்டத்தில். மேஸ்திரி இல்லாமல். கழுவக் கழுவ அந்த வெள்ளைக்குள் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. மண் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். கால் ஒன்று வந்தது.

உன் அம்மா பின்வாசலில் ரேஷன் பையோடு நின்றாள். குழியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"இது பிள்ளைக்க எறும்புல்லா?"

"அவளுக்குக் காட்டத்தான். உள்ள எப்படி இருக்கும்னு கேட்டாள்லா..."

"அதுககிட்டக் கேட்டீங்களா? அவகிட்டக் கேட்டீங்களா? எங்கிட்டயாவது ஒரு வாக்கு கேட்டீங்களா?"

பதில் இல்லாத இடத்தில் நான் பல்லைக் காட்டுவேன். அன்றும் காட்டினேன். அவள் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, "வந்ததும் சொல்லிருங்க. அவ அழுவா. அழட்டும். சொல்லிருங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் சொல்லவில்லை. குழியை மூடினேன். பிளாஸ்டர் துண்டுகளைச் சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துக் கரமனை ஆற்றில் போட்டுவிட்டு வந்தேன். நீ கேட்ட கேள்விக்கு உலகத்தில் ஒரு பதில் இருந்தது; அது ஒரே ஒரு மதியம்தான் இருந்தது.

நான்கு மணிக்கு நீ வந்தாய். நேரே பின்பக்கம் ஓடினாய்.

"அப்பா! வாசல் எங்க?"

"அதயேன் கேக்க மக்கா. காலம்பற பாத்தேன், மூட்டை முடிச்சோட வரிசையாப் போவுதுக. விதை, முட்டை, குஞ்சு குளுவான் எல்லாம் தூக்கிட்டு. வீடு மாறிட்டுதுக."

"மண்ணு ஏன் இளகிக் கிடக்கு?"

"காலி வீடுதானேன்னு முருங்கைக்குக் கொஞ்சம் கொத்தி விட்டேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார். மறுநாள் காலை துவைக்கிற கல்லின் மேல் உன் ரோஸ் புள்ளிக்காரர்கள் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். "இதுகள மட்டும் ஏம்ப்பா விட்டுட்டுப் போச்சு?" என்று கேட்டாய். வெளி ஜோலிக்குப் போயிருக்கும், வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துவிடும் என்றேன். நீ சோறு தின்னாமல் மூன்று நாள் காம்பவுண்டு முழுக்கத் தேடினாய். போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்தால் இந்த இரண்டையும் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் விட வேண்டும் என்றாய். உன் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அதைவிடக் கெட்டிக்கார வேலை ஒன்று செய்தேன்.

சேச்சியின் கிணற்றடியில் அதே சாதி எறும்பின் இன்னொரு புற்று இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், நீ பார்த்ததில்லை. நான்காம் நாள் மதியம் கிளினிக்கிலிருந்து சாப்பிட வந்தவன், ரோஸ் தூளையும் மெல்லிய பிரஷையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். இருபது எறும்புகளுக்குப் புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றையும் முருங்கைக் குச்சியால் மெதுவாக அமுக்கிப் பிடித்து, தலையில் ஒரு பொட்டு. என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாக ஒரு பல்லுக்கும் வேலை செய்ததில்லை. சாயங்காலம், "சேச்சிக்க கிணத்தடியில ஏதோ ரோஸாத் தெரிஞ்சது மாதிரி இருந்தது" என்று ஒரு வார்த்தையைப் போட்டேன். நீ மதிலேறிக் குதித்து ஓடியதும், அங்கிருந்து "அம்மே! கிட்டிப் போச்சு! என் எறும்பு!" என்று கத்தியதும் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது.

"அப்பா, புள்ளி தலையில இருக்கு."

"ம்."

"நான் வயித்துலதானே வச்சேன்? தலையில வச்சா அது முன்னங்காலால துடைச்சி எடுத்துரும்னுதான் வயித்துல வச்சேன்."

"வீடு மாறும்போது சாமான் இடம் மாறும்லா மக்கா."

நீ சிரிக்கவில்லை. நேரே என் கண்ணைப் பார்த்தாய். "பல்லைத் தொட்டுச் சொல்லுப்பா. அது என் எறும்புதானா?"

தொட்டேன். "உன் எறும்புதான்" என்றேன். "நெருக்கியடிச்சுக்கிட்டுப் போகும்போது ஈர வார்னிஷ் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருக்கும்" என்று காரணமும் சொன்னேன். வீடு மாறுவதற்குப் பல நாள் முன்பே வைத்த வார்னிஷ் எப்படி ஈரமாக இருக்கும் என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கக்கூடியவள்தான். கேட்கவில்லை, நான் பல்லைத் தொட்டுவிட்டேனே.

அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் எனக்குக் கதை போல இருக்கிறது. ஒரே நாளில், நாற்பது அடி தூரம், விதை முட்டை எல்லாவற்றோடும், மேஸ்திரி இல்லாமல் ஒரு ஊரே இடம் பெயர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பரிசு வாங்கினாய். அந்தக் கேள்வியை விடாமல்தான் விலங்கியல் எடுத்தாய். போன மாதம் பெங்களூரில் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து, குதிக்காத குறையாகச் சொன்னாய்: "ஏன் எறும்புன்னு கேட்டாருப்பா அந்தப் பேராசிரியர். நம்ம வீட்டுக் கதையைச் சொன்னேன். ஒரு புற்று முழுக்க எப்படி ஒரே நேரத்தில் முடிவெடுக்குதுன்னு அதைத்தான் ஆராயணும்னேன். அந்த நோட்டைக் கொண்டு வான்னு சொல்லியிருக்காரு." நான் "கொள்ளாம், கொள்ளாம்" என்று உன் முதுகில் தட்டினேன். அடுக்களையில் உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று சாப்பிட்டு நீ கை கழுவப் போன நேரத்தில், "நீங்க சொல்லலேன்னா ரயில் ஏறுறதுக்கு முன்ன நான் சொல்லுவேன்" என்றாள். சொல்ல வேண்டியவன் நான்தான் என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு பூட்டுக்காக உன்னை இவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நேற்று உன் பெட்டியில் புத்தகங்களை அடுக்கும்போது அந்த நோட்டைத் திறந்தேன். இத்தனை வருடமும் அதைத் திறந்ததில்லை, பயம். கிணற்றடிப் பக்கத்தில் உன் பத்து வயதுக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "புள்ளி தலையில். நான் வைத்தது வயிற்றில். அப்பா சொன்னதால் சரி." அதற்கு இரண்டு நாள் கழித்து: "இரண்டு நாளில் எல்லாப் புள்ளியும் போய்விட்டது. துடைத்துவிட்டது." எல்லாம் சரியாகவே பார்த்திருக்கிறாய். உன் கண் ஒரு இடத்திலும் தவறவில்லை. அந்தக் கண்ணை நான் சொன்னதற்காக நீ ஒதுக்கி வைத்தாய். எறும்பைக் கொன்றது ஒரு பாவம். அது அந்த மதியத்தோடு முடிந்தது. "அப்பா சொன்னதால் சரி" என்று ஒரு பிள்ளையை எழுத வைத்தது முடியவில்லை. பெங்களூர் போனதும் அந்த நோட்டை ஒரு படித்த மனிதரின் மேஜையில் வைக்கப் போகிறாய். அவர் சந்தேகப்பட்டு அந்த வரியில் விரலை வைத்தால் நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். அது நடக்கக் கூடாது.

புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; ஆனாலும் பெற்றவன் வாய் சும்மா இருக்காது. உன்னைச் சிரிக்க வைக்கிறவர்களிடம் இன்னொரு முறை கேள். நாளைக்கு உன் கல்யாணத்துக்கு வருகிறவனாக இருந்தாலும் சரி, பேராசிரியராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி. ஒருவர் பல்லைத் தொட்டார், தலையில் அடித்தார், சாமிமேல் ஆணையிட்டார் என்பதற்காகக் கண்ணால் பார்த்ததை அழிக்காதே. இன்னொன்று. ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும்போது அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார். மனிதர்களுக்கும் இது பொருந்தும். உன் அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பொறுத்திருக்காமல், நானே வேடிக்கைகளை ஊற்றி நிரப்பியே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

இனி எழுதப் போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. நான் பார்த்ததை, நீ நோட்டில் எழுதுவதைப் போல, பார்த்தபடி எழுத முயல்கிறேன். பிளாஸ்டரை நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். முதலில் மடமடவென்று இறங்கியது. பிறகு நின்றது. நிலத்தைத் தட்டினேன், குமிழி வந்தது, மீண்டும் இறங்கியது, மீண்டும் நின்றது. வாசல் வழியாக மேலே ஓடிவந்தவை ஏழு. வெள்ளையடித்தது போல வந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். மற்ற எதுவும் மேலே வரவில்லை. மேல் அறைகளில் விதைகள் இருந்தன, எறும்புகள் மிகக் குறைவு. எல்லாம் கீழே போயிருந்தன. இறங்கும் குழாயில் மூன்று இடங்களில் பிளாஸ்டர் மெலிந்து, அதற்குள் மண் உருண்டைகள் அடைபட்டிருந்தன. மண் உருண்டையோடு எறும்புகளும் இருந்தன, வாயில் கவ்வியபடியே. மேலிருந்து வெள்ளம் வருகிறது என்று நினைத்துச் சுவர் எடுத்திருக்கின்றன. முதல் சுவர் மெல்லியது. இரண்டாவது அதைவிடக் கெட்டி. மூன்றாவது சுண்டுவிரல் நீளம். மூன்றாவதற்குக் கீழே பிளாஸ்டர் போகவில்லை.

உன் அம்மா உள்ளே போன பிறகு, மண்வெட்டியை வைத்துவிட்டு விரலால் அந்தச் சுவரை எடுத்தேன். கீழே ஒரு அறை, உள்ளங்கை அகலம். உயிரோடு இருந்தது. வெள்ளைக் குஞ்சுகள், அவற்றை வாயில் தூக்கிக்கொண்டு எறும்புகள், நடுவே பெரிதாக ஒன்று. ராணியாக இருக்க வேண்டும். அத்தனையும் உயிரோடு இருந்தன, மகளே. உன்னைக் கூட்டிவந்து காட்டியிருந்தால் அவற்றை நீ காப்பாற்றியிருப்பாய். காட்டினால் மற்றதையும் காட்ட வேண்டும். மணி மூன்று தாண்டியிருந்தது. நான் மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தேன்.

நேற்று நோட்டைக் கடைசிவரை படித்தேன். அந்தப் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் கிணற்றடிப் புற்றைப் பற்றித்தான். நான் குழியை மூடியதிலிருந்து பதினொன்றாம் நாளில் மட்டும் ஒரு ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: "துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மண் வளையம். புதுசு. மண் சுமந்துகொண்டு வந்ததில் ஒன்றுக்கு ரோஸ் புள்ளி மாதிரி இருந்தது. வயிற்றில். சரியாகப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது, கிணற்றடிக்குப் போக வேண்டும்."

விதைக்கு வெளியே போயிருந்த உன் புள்ளிக்காரர்கள்தான் திரும்பி வந்து, மறந்துபோன மண் வேலையை மறுபடி தொடங்கி, நான் மிதித்த மண்ணைத் தோண்டினார்களா, கீழே இருந்தவர்களும் மேல்நோக்கித் தோண்டினார்களா, அது வேறு ஏதோ எறும்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் நீ அங்கே உட்கார்ந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். நீ எழுந்து கிணற்றடிக்குப் போனது என்னால்.

அப்பா